ஒரு மண்டையோடும் நாற்பது நிமிடமும்: இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பள்ளிக் குழுக்களும் குடும்பங்களும்

பள்ளிக் குழு ஒன்று அருங்காட்சியகத்தில் இரண்டு மணி நேரம் இருக்கப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். பேருந்திலிருந்து இறங்கி, தலை எண்ணி, பைகளை வைத்துவிட்டு, கழிப்பறை போய் வர 20 நிமிடம். சாப்பாட்டுக்கு 25. ஒரு கூடத்திலிருந்து இன்னொன்றுக்கு நடக்க, பின்தங்கியவர்களுக்காகக் காத்திருக்க, கிளம்பும்போது மறுபடி தலை எண்ண இன்னொரு 20. மிஞ்சுவது 55 நிமிடம். இதற்குள் டைனோசர், திமிங்கிலம், பறவை, பூச்சி, கனிமம் எல்லாவற்றையும் காட்டிவிடத் திட்டம் போட்டால் குழந்தைகள் நடந்துகொண்டே இருப்பார்கள். எதையும் பார்த்திருக்க மாட்டார்கள். ஒரு கூடம், ஒரு வகுப்பு, கடைசியில் பத்து நிமிடம் விருப்பம்போல் சுற்றல். அவ்வளவுதான் உண்மையில் கொள்ளும்.

பெரியவர்களும் இதில் வேறு மாதிரி இல்லை. அமெரிக்காவில் நூறு கண்காட்சிகளுக்கு மேல் எடுத்துக்கொண்டு 1990களில் பெவர்லி செரல் செய்த ஆய்வில், கண்காட்சி பெரிதானாலும் சிறிதானாலும் மக்கள் அதில் செலவிடும் நேரம் பெரும்பாலும் 20 நிமிடத்தைத் தாண்டவில்லை. அதற்கும் வெகு முன்பே, 1916இல், பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தின் பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன் ‘அருங்காட்சியகச் சோர்வு’ பற்றி எழுதினார். கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதைப் பார்க்க ஓர் ஆள் குனிந்தும் வளைந்தும் மண்டியிட்டும் படும் பாட்டைப் புகைப்படங்களாகவே போட்டுக் காட்டினார். எட்டு வயதுக் குழந்தையின் கண் தரையிலிருந்து சுமார் 1.15 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பெரியவர் கண்ணுக்கு ஏற்ப 1.5 மீட்டரில் மாட்டிய விளக்க அட்டையை அந்தக் குழந்தை நாள் முழுக்க அண்ணாந்துதான் படித்தாக வேண்டும்.

வருவதற்கு முன்பே பாதி வேலை

பழக்கமில்லாத இடத்துக்குப் போகும் குழந்தையின் கவனம் முதலில் இடத்தின் மீதுதான் போகும். கூரை எவ்வளவு உயரம், படிக்கட்டு எங்கே போகிறது, யார் பக்கத்தில் உட்காரலாம், எப்போது சாப்பாடு. ஜான் ஃபால்க்கும் உடன் பணியாற்றியவர்களும் 1978இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் அளந்தது: இடம் புதிதாக இருந்தால், சொல்லிக்கொடுக்க நினைத்த பாடம் குறைவாகவே ஏறுகிறது. பின்பு வாஷிங்டன் தேசிய உயிரியல் பூங்காவில் நடந்த ஆய்வில், எப்படிப் போகிறோம், எதைப் பார்ப்போம், எங்கே சாப்பிடுவோம், கடையில் என்ன வாங்கலாம் என்று குழந்தைகளின் கவலைகளுக்கு முன்கூட்டியே பதில் சொன்ன குழுக்கள் விலங்குகளைப் பற்றியும் நன்றாகக் கற்றிருந்தன. பாடத்தை முன்னாலேயே நடத்தி அனுப்புவதைவிட, கழிப்பறை எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் காட்டி அனுப்புவது சில சமயம் அதிகப் பலன் தருகிறது. வேடிக்கையாகத் தோன்றினாலும் கல்வி அலுவலர்கள் அன்றாடம் பார்ப்பது இதைத்தான்.

ஆகவே ஆசிரியருக்கு அனுப்பும் முன்தகவல் இரண்டு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். நுழைவாயில், பை வைக்கும் இடம், சாப்பிடும் இடம், வகுப்பு நடக்கும் அறை ஆகியவற்றின் புகைப்படங்கள். அன்றைய நேர அட்டவணை. கடைக்குப் போவது எப்போது என்ற ஒரு வரி. அந்த வரி இல்லாவிட்டால் அதே கேள்வியைக் காலை முழுக்கக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். ஐந்து ஐந்து பேராகக் குழு பிரிப்பது பள்ளியிலேயே முடிந்திருக்க வேண்டும். வாசலில் வந்து பிரித்தால் பத்து நிமிடமும் இரண்டு நட்புகளும் போய்விடும். ஏழு வயதுக்குக் கீழ் ஐந்தாறு குழந்தைகளுக்கு ஒரு பெரியவர், அதற்கு மேல் பத்துப் பேருக்கு ஒருவர் என்பது நடைமுறைக்கு ஒத்துவரும் கணக்கு. உடன் வரும் பெற்றோருக்கு என்ன வேலை என்று தனியாக ஒரு தாள் தேவை. இல்லாவிட்டால் அவர்கள் பின்னால் நின்று போன் பார்ப்பார்கள், அல்லது குழந்தைக்குப் பதிலாகத் தாங்களே பதில் சொல்லிவிடுவார்கள். இரண்டில் பின்னதுதான் அதிகக் கெடுதல்.

மண்டையோட்டு வகுப்பு

தொட்டுப் பார்க்கும் வகுப்புகளில் மண்டையோட்டுக்கு ஈடானது குறைவு. கொஞ்சம் பயமும் நிறைய ஆசையும் கலந்த பொருள். அதோடு, விலங்கு எதைத் தின்றது, எப்படிப் பார்த்தது என்பதற்கான சாட்சி முழுதும் வெளியில் தெரிகிறது. 30 பேர் கொண்ட வகுப்புக்கு ஆறு மேசை போதும். ஒவ்வொரு மேசையிலும் மெத்தென்ற துண்டு விரித்த தட்டில் ஒரு மண்டையோடு, பத்து மடங்கு பெரிதாக்கும் கைவில்லை இரண்டு, அளவுகோல் ஒன்று, வெள்ளைத்தாள், பென்சில். பேனா வேண்டாம், எலும்பில் பட்ட மைக்கறை போகாது. பூனை, நாய், ஆடு, முயல், பன்றி, குரங்கு என்ற ஆறும் சேர்ந்தால் நல்ல தொகுப்பு.

நேரத்தை இப்படிப் பிரிக்கலாம். எப்படித் தூக்குவது என்று காட்ட 5 நிமிடம். பேசாமல் பார்த்து வரைய 8 நிமிடம். மேசைக்குள் பேச 12 நிமிடம். பக்கத்து மேசையோடு மாற்றி ஒப்பிட 10 நிமிடம். முடிவைச் சொல்ல 5 நிமிடம். பேசாமல் வரையும் எட்டு நிமிடத்தைத்தான் எல்லோரும் முதலில் வெட்டுவார்கள். வெட்டக் கூடாது. வரைவது ஓவியத்துக்காக அல்ல. பல்லை எண்ணாமல் பல்லை வரைய முடியாது என்பதற்காக.

விலங்கின் பெயரைத் தொடக்கத்தில் சொல்லவே வேண்டாம். ‘நாய்’ என்று சொன்ன நொடியில் பார்ப்பது நின்று, தெரிந்ததை ஒப்பிப்பது தொடங்கிவிடும். ‘என்ன தெரிகிறது?’ முதல் கேள்வி. ‘எதை வைத்து அப்படிச் சொல்கிறாய்?’ இரண்டாவது. கேட்ட பிறகு காத்திருக்க வேண்டும். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் பொறுக்கிறார்கள் என்றும், அதை மூன்று நொடியாக்கினாலே குழந்தைகளின் பதில் நீள்கிறது, காரணமும் சேர்ந்து வருகிறது என்றும் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் காட்டினார். மூன்று நொடி மௌனம் வகுப்பில் மிக நீளமாகத் தெரியும். மனத்துக்குள் எண்ணிக்கொள்வதுதான் வழி.

குழந்தைகள் எங்கே தவறுவார்கள் என்பது ஏறக்குறைய முன்கூட்டியே தெரியும். ஆட்டின் மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது. ‘விழுந்துவிட்டது’ என்பார்கள். அதை மறுக்காமல் கைவில்லையைக் கொடுத்து, பல் விழுந்த இடத்தில் குழி இருக்குமே, எங்கே என்று தேடச் சொல்ல வேண்டும். குழி இல்லை. அப்படியானால் பல் அங்கே முளைக்கவே இல்லை. கீழ்ப்பல் மேலே உள்ள தடித்த ஈறில் அழுத்திப் புல்லைப் பறிக்கிறது. இந்த ஒரு கண்டுபிடிப்புக்குப் பத்து நிமிடம் போனாலும் நஷ்டமில்லை. நாய்க்கு 42 பல், பூனைக்கு 30 என்று எண்ணி முடித்தவர்கள் பூனையின் முகம் ஏன் குட்டை என்று தாங்களாகவே கேட்பார்கள். முயலின் மேல்தாடையில் பெரிய வெட்டுப்பற்களுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் இரண்டு சின்னப் பற்களைக் கண்டுபிடிப்பது அந்த மேசையின் பரிசு; எலி இனத்துக்கு அவை கிடையாது.

‘கோரைப்பல் பெரிதாக இருந்தால் மாமிசம் தின்னும், கண் முன்னால் இருந்தால் வேட்டையாடும்’ என்ற சூத்திரத்தைப் பல வழிகாட்டிகள் கையில் வைத்திருக்கிறார்கள். பாதி உண்மை என்பதால்தான் ஆபத்து. பன்றியும் குரங்கும் அந்தத் தொகுப்பில் இருப்பதே இதை உடைக்கத்தான். கொரில்லாவின் கோரைப்பல் சிறுத்தையோடு போட்டி போடும். உண்பதோ இலையும் தண்டும். குரங்குக்குக் கண் முன்னால் இருப்பது வேட்டைக்கு அல்ல, கிளைக்குக் கிளை தாவும்போது தூரம் கணிக்க. கோரையைவிடக் கடைவாய்ப்பல் நம்பகமான சாட்சி: பூனைக்குக் கத்தரிபோல ஒன்றையொன்று உரசும் பல், ஆட்டுக்கு அம்மிபோல வரிவரியாக மேடு. கீழ்த்தாடையை மேல்தாடையோடு பொருத்தி அசைத்துப் பார்த்தால் பூனையினுடையது மேலும் கீழும் மட்டும் போகும், ஆட்டினுடையது பக்கவாட்டிலும் போகும்.

கொம்பிலும் ஒரு சிக்கல் உண்டு, அது நம் மொழியில் இருக்கிறது. மாட்டுக்கும் கொம்பு, மானுக்கும் கொம்பு என்று ஒரே சொல்லால் சொல்லிப் பழகிவிட்டோம். மாட்டுக் கொம்பு நகத்தில் உள்ள கெரட்டினாலான உறை. உள்ளே எலும்புத் தண்டு. ஆயுள் முழுதும் உதிராது. மான் கொம்பு முழுக்க எலும்பு. பெரும்பாலான மான்களுக்கு ஆண்டுதோறும் விழுந்து மீண்டும் முளைக்கும். இரண்டையும் கையில் கொடுத்து எடையையும் அடிப்பாகத்தையும் பார்க்கச் சொன்னால் வேறுபாடு புரிந்துவிடும்.

உடைவது எங்கே? கண்குழியில் விரல் விட்டுத் தூக்கும்போது கன்ன எலும்பின் வளைவு ஒடியும். மூக்குக்குள் இருக்கும் காகிதம்போன்ற எலும்புகளைப் பென்சிலால் குத்திப் பார்ப்பார்கள். ஒற்றை வேர் கொண்ட முன்பற்கள் கழன்று விழும். மேசைக்கு அடியில் தேடாமல் வகுப்பை முடிக்கக் கூடாது. பல்லை ஒட்ட, அசிட்டோனில் கரைத்த பாராலாய்டு பி-72 போன்ற, பின்னால் பிரித்தெடுக்கக்கூடிய பசையே சரி. கடையில் கிடைக்கும் உடனடிப் பசை போட்டால் அடுத்த முறை பல்லோடு எலும்பும் பெயரும்.

எதைத் தொடலாம், எதைத் தொடவே கூடாது

ஆய்வுச் சேகரிப்பிலிருந்து ஒன்றை எடுத்து வந்து குழந்தைகள் கையில் கொடுப்பது தவறு. தொடுவதற்கென்று தனிச் சேகரிப்பு வேண்டும். அதில் உள்ளவை தேயும், உடையும் என்று முன்பே ஒப்புக்கொண்டு பதிவு செய்திருக்க வேண்டும். கிடைத்த இடமும் நாளும் பதிவாகாத, ஆய்வுக்குப் பயன்படாத மாதிரிகள் இதற்குப் பொருத்தம். வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் 2013இல் திறந்த ‘கியூரியஸ்’ கூடத்தில் மாணவர்களின் கைக்கென்றே சுமார் 6,000 பொருள்கள் இருக்கின்றன.

இதில் விளையாட முடியாத விஷயம் ஒன்று. பாடம் செய்த, அதாவது தோலைப் பதப்படுத்தி உள்ளே அடைத்து நிறுத்திய, பழைய விலங்குகளின் தோலில் ஆர்செனிக் என்ற நஞ்சு இருக்கக்கூடும். பூச்சி அரிக்காமலிருக்க ஆர்செனிக் சோப்புத் தடவும் முறை 18ஆம் நூற்றாண்டில் வந்து, சில இடங்களில் 1980கள் வரைகூட நீடித்தது. கண்ணைச் சுற்றியும் தையலோரத்திலும் வெள்ளைப் பொடி தெரிந்தால் சந்தேகம் வலுக்கும். தெரியாவிட்டால் இல்லை என்று அர்த்தமாகாது. சோதித்துப் பார்க்காத பழைய பாடம் செய்த விலங்கு எதுவாயினும் நஞ்சு என்றே நினைக்க வேண்டும். பழைய உலர்தாவரத் தாள்களில் பாதரச உப்பு இருக்கலாம். ஆல்கஹாலிலோ ஃபார்மலினிலோ மிதக்கும் மாதிரிகள் மூடிய குடுவையில் காட்ட மட்டும். ஆந்தை கக்கிய உருண்டையைப் பிரித்து எலி எலும்பு தேடும் வகுப்பு எங்கும் பிரபலம். வெப்பத்தால் கிருமி நீக்காத உருண்டைகளிலிருந்து சால்மோனெல்லா என்ற வயிற்றுநோய்க் கிருமி பரவிய பதிவுகள் உண்டு. எந்த வகுப்பாக இருந்தாலும் முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ நேரம் ஒதுக்க வேண்டும். 30 பேருக்கு இரண்டு குழாய் இருந்தால் அதற்கே ஏழெட்டு நிமிடம் போகும்.

இறகும் தோலும் உள்ள பொருள்கள் வெளியே போய்த் திரும்பும்போது பூச்சியையும் கூட்டிவரும். பாலித்தீன் உறையில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 20 டிகிரியில் இரண்டு வாரம் வைத்து, எடுத்த பிறகு ஒரு நாள் முழுக்க உறையைத் திறக்காமல் விட வேண்டும். அவசரப்பட்டுத் திறந்தால் ஈரம் படிந்து பூஞ்சை பிடிக்கும். சட்டமும் உண்டு: அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கை 1975இல் நடைமுறைக்கு வந்தது. தந்தம், கடலாமை ஓடு, சில பவளங்கள் போன்றவற்றை எல்லை தாண்டி வாங்குவதற்கு முன் ஆவணம் கேட்க வேண்டும். அச்செடுத்த பிசின் வார்ப்பு இருந்தால் இந்தத் தலைவலி இல்லை.

அருங்காட்சியகத்துக்கு வர முடியாத பள்ளிக்கு மாதிரிகள் வைத்த பெட்டியை அனுப்பும் வழக்கம் பழையது. சிகாகோவின் ஃபீல்ட் அருங்காட்சியகம், நார்மன் வெயிட் ஹாரிஸ் கொடுத்த நன்கொடையில், 1912இலிருந்து கண்ணாடி முகப்பு வைத்த மரப்பெட்டிகளைப் பள்ளிகளுக்கு அனுப்பத் தொடங்கியது; அந்த இரவல் சேகரிப்பு இன்றும் இயங்குகிறது. இப்போது செய்பவர்கள் கவனிக்க வேண்டியது எடை, பத்து கிலோவுக்குக் கீழ். உள்ளே நுரைப்பஞ்சை ஒவ்வொரு பொருளின் வடிவத்திலும் வெட்டி வைத்தால் ஒன்று குறைந்தால் பள்ளம் காட்டிக்கொடுக்கும். சுறாப்பல் போன்ற சிறியவற்றை ஒளிபுகும் பிசினில் பதித்துவிடுவது நல்லது. இல்லாவிட்டால் மூன்றாவது பள்ளியிலேயே காணாமல் போகும்.

‘இது நிஜமா?’

குழந்தைகள் அதிகம் கேட்கும் கேள்வி இது. அடுத்தது, ‘இதை நீங்கள்தான் கொன்றீர்களா?’ இரண்டுக்கும் மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். பாடம் செய்த விலங்கு என்றால் தோல் நிஜம், கண் கண்ணாடி, உள்ளே வேறு பொருள். பழைய சேகரிப்புகளில் பல வேட்டையாடிக் கொண்டுவந்தவைதான் என்பதை மறைப்பதில் பயனில்லை.

டைனோசர் எலும்புக்கூட்டில் பதில் இன்னும் சுவையானது. ஃபீல்ட் அருங்காட்சியகத்தின் டைரனோசாரஸ் ‘சூ’ 1990இல் கண்டெடுக்கப்பட்டு 2000இல் காட்சிக்கு வந்தது. சுமார் 12 மீட்டர் நீளம். உடல் பெரும்பாலும் அசல் எலும்பு. ஆனால் கழுத்தின் மேல் நிற்கும் தலை வார்ப்பு. அசல் தலை தாங்கிக்குப் பாரம் அதிகம் என்பதால் தனிப் பெட்டியில் இருக்கிறது. லண்டனில் 1905இல் நிறுவிய டிப்ளோடோக்கஸ் ‘டிப்பி’யோ முழுக்கவே பிளாஸ்டர் வார்ப்பு, அசல் பிட்ஸ்பர்க்கில். பல பத்தாண்டுகள் தரையில் இழுபட்டுக் கிடந்த அதன் வாலை, புதிய ஆய்வுகளுக்கு ஏற்ப, 1993இல் காற்றில் தூக்கி வைத்தார்கள். ‘வால் ஏன் மேலே போனது?’ என்ற கேள்வியை வைத்தே ஒரு வகுப்பு நடத்தலாம்: தரையில் வால் தேய்த்த தடம், காலடித் தடங்களோடு சேர்ந்து அநேகமாகக் கிடைப்பதே இல்லை.

காலத்தைக் கையில் பிடிக்க வைக்க 46 மீட்டர் கயிறு போதும். பூமியின் வயது 460 கோடி ஆண்டு. ஒரு மீட்டருக்குப் பத்துக் கோடி, ஒரு சென்டிமீட்டருக்குப் பத்து லட்சம். கடைசி நுனி இன்று. அங்கிருந்து 35 மீட்டர் பின்னால் உயிரின் பழைய தடயங்கள். விலங்கு வகைகள் பெருகிய கேம்பிரியன் காலம் 5.4 மீட்டரில்தான் வருகிறது. டைனோசர்கள் 2.3 மீட்டரில் தொடங்கி, பறவைகள் தவிர, 66 சென்டிமீட்டரில் முடிகின்றன. நம் இனம் கடைசி 3 மில்லிமீட்டர். ஸ்டெகோசாரஸுக்கு 1.5 மீட்டரில் ஒரு துணி கிளிப், டைரனோசாரஸுக்கு 67 சென்டிமீட்டரில் இன்னொன்று மாட்டி, டைரனோசாரஸுக்கு யார் கிட்டே என்று அளக்கச் சொல்லுங்கள். அது ஸ்டெகோசாரஸைவிட நமக்கே பக்கத்தில் நிற்கும். பொம்மைப் பெட்டியில் இரண்டும் சண்டை போட்டுக்கொண்டிருந்ததால் குழந்தைகள் இதைச் சட்டென்று நம்ப மாட்டார்கள், மறுபடி அளப்பார்கள். அளக்கட்டும். கயிற்றை முன்கூட்டியே நீட்டி முடிச்சுப் போட்டுச் சுருட்டி வைப்பது முக்கியம், வகுப்பில் அவிழ்க்கத் தொடங்கினால் சிக்கெடுத்தே நேரம் போகும்.

பணித்தாள்களைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. இருபது காலியிடம் நிரப்பும் தாள் கொடுத்தால் குழந்தை விளக்க அட்டையை மட்டும் பார்க்கும். காட்சிப்பொருளை ஏறெடுத்தும் பார்க்காது. முதலில் முடித்தவன் விடையை எல்லோரும் பார்த்து எழுதுவார்கள். தாள் வேண்டும் என்றால் மூன்று கேள்வி போதும். அவற்றின் விடை எந்த அட்டையிலும் இருக்கக் கூடாது.

குடும்பம் வரும்போது

குடும்பத்துக்கு அட்டவணை கிடையாது, வயது ஒன்றல்ல, யாரும் தேர்வு வைக்கப்போவதில்லை. பிலடெல்பியா வட்டாரத்தில் இயற்கை அறிவியல் கழகம், ஒரு அறிவியல் அருங்காட்சியகம், உயிரியல் பூங்கா, நீர்வாழ் காட்சியகம் ஆகிய நான்கும் 1990களில் சேர்ந்து, குடும்பங்கள் கற்கும் காட்சிப்பொருளுக்கு என்ன தன்மை வேண்டும் என்று ஆராய்ந்தன. பல பக்கங்களிலிருந்து சூழ்ந்து நிற்க முடிய வேண்டும். ஒரே நேரத்தில் பல கைகளுக்கு இடம் வேண்டும். சிறியவருக்கும் பெரியவருக்கும் எட்ட வேண்டும். ஒரே விடையில் முடிந்துவிடக் கூடாது. பார்ப்பது, தொடுவது, கேட்பது எனப் பல வழி வேண்டும். எழுத்து சுருக்கமாக இருக்க வேண்டும். ஏற்கெனவே தெரிந்த ஒன்றோடு ஒட்ட வேண்டும். சுவரோடு ஒட்டிய ஒற்றை நுண்ணோக்கி இவற்றில் பாதிக்கு மேல் தோற்றுவிடும். அதே நுண்ணோக்கியை ஒரு திரையோடு இணைத்தால் பாட்டியும் பேத்தியும் ஒரே ஈயின் கண்ணைப் பார்த்துப் பேசிக்கொள்ளலாம்.

பெற்றோரின் பேச்சுதான் இதில் பெரிய கருவி. அதில் ஒரு சாய்வும் இருக்கிறது. கலிபோர்னியாவில் குழந்தைகள் அருங்காட்சியகம் ஒன்றில் கெவின் குரோலி குழுவினர் செய்து 2001இல் வெளியான ஆய்வில், அறிவியல் காட்சிப்பொருளை எப்படி இயக்குவது என்று மகனிடமும் மகளிடமும் ஒரே அளவு பேசிய பெற்றோர், ஏன் அப்படி நடக்கிறது என்ற விளக்கத்தை மட்டும் மகன்களுக்கு மூன்று மடங்கு அதிகம் சொன்னார்கள். யாரும் வேண்டுமென்று செய்ததல்ல. ஆகவே பெரியவருக்கான குறிப்பு அட்டையில் தகவலை நிரப்புவதைவிட, ‘இது ஏன் இப்படி இருக்கிறது என்று நினைக்கிறாய்?’ என்று எந்தக் குழந்தையிடமும் கேட்கக்கூடிய ஒரு கேள்வியைப் பெரிய எழுத்தில் போடலாம்.

கூட்டமும் ஒலியும் தாங்காத குழந்தைகளுக்காக, கதவு பொதுமக்களுக்குத் திறப்பதற்கு முன் தனி நேரம் ஒதுக்கும் வழக்கம் பரவியிருக்கிறது; லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் ‘டானோசார்ஸ்’ காலை நிகழ்ச்சி அப்படிப்பட்டது. இதற்குப் பெரிய செலவில்லை. ஒலிப்பதிவுகளை நிறுத்துவது, மின்னும் விளக்கை அணைப்பது, ஒதுங்கி உட்கார ஒரு அறை, எங்கே என்ன சத்தம் வரும் என்று குறித்த வரைபடம்.

குடும்ப நாளில் நீண்ட வரிசை நிற்பது ‘இது என்ன?’ மேசைக்கு. வீட்டிலிருந்து கல்லும் எலும்பும் கூடும் ஓடும் வரும். ‘விண்கல்’ என்று வருபவற்றில் மிகப் பல உலோகம் உருக்கும் உலையின் கழிவு அல்லது இரும்புத்தாது. மேசையில் காந்தம், கைவில்லை, பளபளப்புப் பூசாத வெள்ளைப் பீங்கான் ஓடு ஒன்று இருந்தால் அங்கேயே சோதிக்கலாம். ஓட்டில் தேய்த்தால் செம்பழுப்புக் கோடு விழுந்தால் ஹெமடைட் என்ற இரும்புத்தாது. கருங்கோடு என்றால் மேக்னடைட் என்ற இன்னொரு இரும்புத்தாது. உள்ளே குமிழ்த் துளைகள் தெரிந்தால் பெரும்பாலும் உலைக்கழிவு. விண்கல் பெரும்பாலும் காந்தத்தை ஈர்க்கும், கனக்கும், ஓட்டில் கோடு அநேகமாக விழாது. ‘டைனோசர் முட்டை’ என்று வரும் உருண்டைக் கல்லில் முட்டை ஓட்டின் படலமும் நுண்துளைகளும் கைவில்லையில் தெரிகின்றனவா என்று குழந்தையையே பார்க்கச் சொல்ல வேண்டும். சோதனையை அவர்களே செய்தால் ஏமாற்றம் பாதியாகக் குறையும். விலை மட்டும் சொல்லவே கூடாது. கேட்டால், இந்த மேசையில் அது இல்லை என்று முடித்துக்கொள்ள வேண்டும்.

கல்லைத் திருப்பிக் கொடுக்கும்போது கூடவே ஒரு சிறு அட்டையும் கொடுங்கள். எங்கே கிடைத்தது, எந்த நாள், யார் எடுத்தது என்ற மூன்று வரி. அதைக் குழந்தையே பென்சிலால் எழுதட்டும், மை காலப்போக்கில் மங்கும். கல்லிலும் அட்டையிலும் ஒரே எண் இருக்க வேண்டும்.